செத்த போடில்

செத்துப்போன அம்மா செப்டம்பர் மாதத்து மதியம் ஒன்றில் வண்டியில் வந்து இறங்கினாள்.

சிசெல் முற்றத்தில் சோப்பு காய்ச்சிக்கொண்டிருந்தாள். பன்றிக் கொழுப்பும் சாம்பல் தண்ணீரும் கொதிக்கிற பெரிய கொப்பரை. கிண்டுவதை நிறுத்தினால் எல்லாம் பாழ். அதனால் அடுத்த வீட்டு எல்சேயின் புருஷன் ரயிலடியிலிருந்து திரும்பி வாசலில் வண்டியை நிறுத்தியபோது அவள் தலையைத் திருப்பினாளே தவிர கையை நிறுத்தவில்லை. முதலில் ஒரு பெட்டி இறங்கியது. தார் பூசிய கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டிய நீலப் பெட்டி. அதிலிருந்து கருவாட்டு வாசம் முற்றம் முழுக்கப் பரவியது. பிறகு கருப்புத் துணித் தொப்பி ஒன்று, அதற்குக் கீழே ஒரு மூக்கு. அந்த மூக்கு யாருடையது என்று சிசெலுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கண்ணாடியில் அவள் தினமும் பார்க்கிற மூக்குதான்.

"என்னடீ, பேயைப் பார்த்த மாதிரி முழிக்கிற?" என்றாள் வந்தவள். "கிண்டு, கிண்டு. அடிப்பிடிக்குது."

சிசெல் கிண்டினாள். ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள், கண்ணீர் விட்டாள் என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கும். நடந்தது அதுவல்ல. இருபது வருஷத்துக்கு மேல் பார்க்காத அம்மாவைப் பார்த்ததும் அவளுக்கு முதலில் வந்தது பயம்தான். ஏனென்றால் போன வருஷம் கோடையில், குன்றின் மேல் புதிதாகத் திறந்த ஆலயத்தில், செத்துப்போன போடில் என்கிற தன் அம்மாவின் பெயரால் அவள் தண்ணீரில் முங்கி எழுந்திருந்தாள்.

எங்கள் மார்மன் சபையில் அது வழக்கம். சபைக்கு வராமலே செத்தவர்கள் சொர்க்கத்துக்கு வெளியே நின்றுவிடக் கூடாது என்று, உயிரோடு இருக்கிற பிள்ளைகள் அவர்கள் பெயரைச் சொல்லி முங்கி ஞானஸ்நானம் வாங்கிக் கொடுப்பார்கள். அந்தப் பக்கம் இருப்பவர் சரி என்றால் குடும்பம் என்றென்றைக்கும் ஒன்றாக இருக்கும். பெரிய நிபந்தனை எதுவும் கிடையாது. ஆள் செத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

போடில் உயிரோடு நின்று, "தண்ணி கொண்டா, தொண்டை காயுது" என்றாள்.

டென்மார்க்கில், யூட்லாந்தின் மேற்குக் கரையில், மணல்மேட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிற மீனவக் குடியிருப்பு ஒன்றுதான் அவர்கள் ஊர். சிசெல் சின்னப் பெண்ணாக இருந்தபோது ஒரு நவம்பரில் அப்பா கிறெஸ்டன் படகோடு போனவர் போனவர்தான். உடல் கிடைக்கவில்லை. கோயில் வளாகத்தில் வெறும் மண்ணுக்கு மேல் அவர் பெயருக்கு ஒரு சிலுவையை நட்டார்கள். அன்றையிலிருந்து போடில் மணல்மேட்டைத் தாண்டியதில்லை. கிணற்றில் வாளி இறக்கும்போதுகூட முகத்தைத் திருப்பிக்கொள்வாள். விதவையாக வலை பின்னி, மீன் காய வைத்து, யாரிடமும் கைநீட்டாமல் மகளை வளர்த்தாள்.

அந்த மகள்தான் வளர்ந்ததும் மார்மன் ஊழியர்களின் பேச்சைக் கேட்டு, ஒரு மார்ச் மாதம், அதே கடலில் முங்கி ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டு தலைமுடி சொட்டச் சொட்ட வீட்டுக்கு வந்து நின்றாள்.

"பொறந்தப்ப உனக்குக் கோயில்ல தண்ணி தெளிச்சாச்சு. அது பத்தலையா?" என்றாள் போடில். குரல் உயரவே இல்லை. "உங்கப்பனை முழுங்குன தண்ணியில நீயா போய் எறங்குனியா? சரி. போ. இந்த வீட்டுல இருந்து ரெண்டாவது ஆளும் கடலோட போச்சுன்னு வெச்சுக்குறேன்."

சிசெல் கப்பலேறினாள். அமெரிக்காவில் இந்த யூட்டாவுக்கு வந்தாள். எங்கள் சான்பீட் பள்ளத்தாக்கில் யெப்பேயைக் கட்டிக்கொண்டாள், இரண்டு பிள்ளைகளைப் பெற்று வளர்த்து வெளியூர் வேலைக்கு அனுப்பினாள். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அம்மாவுக்குக் கடிதம் போட்டாள். ஒன்றுக்கும் பதில் இல்லை. பிறகு அந்தக் கரையிலேயே வேறு ஊரிலிருந்து வந்த லவுஸ்ட் என்பவன், "போடில் வீடு பூட்டிக் கிடக்கு. அந்த வீட்டுல இருந்து சவப்பெட்டி வெளிய போனதைப் பார்த்ததா சொன்னாங்க" என்றான். இன்னொருவர் சொன்னதை இவன் சொன்னான். ஊர்ப் பாதிரிக்கு ஒரு வரி எழுதிக் கேட்டிருந்தால் உண்மை தெரிந்திருக்கும். சிசெல் எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்று அவளுக்கே தெரியும். கேட்டால், உயிரோடு இருக்கிறாள் என்று பதில் வந்துவிடுமோ என்று பயம். உயிரோடு இருக்கிற அம்மாவை அவளால் ஒன்றும் செய்ய முடியாது. செத்த அம்மாவைச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆலயத்தில் காளைச் சிலைகளின் முதுகில் ஏற்றிவைத்த ஞானஸ்நானத் தொட்டியில் முங்கி எழுந்தபோது அவளுக்கு ஏற்பட்ட சந்தோஷம் கொஞ்சநஞ்சம் இல்லை. உயிரோடு இருந்தவரை எதற்கும் தலையாட்டாத அம்மா, ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் தன்னோடு தண்ணீருக்குள் வந்தாள் என்று நினைத்தாள். வீட்டுக்கு வந்து ஆப்பிள் பணியாரம் சுட்டுத் தெரு முழுக்கக் கொடுத்தாள். "எங்கம்மா வந்துட்டாங்க, எங்கம்மா உள்ள வந்துட்டாங்க" என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னாள். இப்போது அந்தத் தெருவில்தான் அம்மா வந்து இறங்கியிருக்கிறாள்.

மாலை கொட்டகையில் யெப்பே மாடு கறந்துகொண்டிருந்தபோது அவள் பின்னாலேயே போய் நின்றாள்.

"இப்ப என்னங்க பண்றது?"

"சொல்லிடு."

"சொன்னா இந்த நிமிஷமே கிளம்பிடுவாங்க. உங்களுக்கு அவங்களத் தெரியாது. பெட்டியை அவிழ்க்கட்டுமான்னு கேட்டேன். இருக்கட்டும்ங்குறாங்க. அயோவால அண்ணன் மகன் இருக்கானாம். அங்க அவங்களோட லுத்தரன் கோயில் இருக்காம், டென்மார்க் பாதிரி இருக்காராம். பனி விழறதுக்குள்ள முடிவு பண்ணுவாங்களாம்."

"அப்ப நாளைக்குச் சொல்லு."

இந்தப் பள்ளத்தாக்கில் டென்மார்க்காரர்கள் அதிகம், பெயர்கள் கம்மி. கல்லெறிந்தால் ஒரு யென்சன் மேல் படும். அவன் சத்தம் போட்டால் நாலு யென்சன் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால் ஆளாளுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. ஒருமுறை வைத்துவிட்டால் சவப்பெட்டிக்குள் போகும்வரை மாறாது. யெப்பேக்கு 'நாளைக்கு யெப்பே' என்று பெயர். ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. கூரை ஓட்டை, வேலி, கன்றுக்குட்டியின் கால் புண், எல்லாம் அவனுக்கு நாளைக்குத்தான். ஆனால் மனுஷன் தங்கம். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவளை ஒரு சொல் சுடச் சொன்னதில்லை.

மறுநாள் விடிந்ததும் சிசெல், காப்பி கெட்டில் எப்போதும் அடுப்பிலேயே இருக்கிற 'கெட்டில் எல்சே'யின் வீட்டுக்கு ஓடினாள். எங்கள் சபை காப்பி கூடாது என்கிறது. எங்கள் தெரு அதைப் பற்றி இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது. யோசிப்பதற்கு எல்லாரும் கூடுகிற இடம் எல்சேயின் அடுப்படி.

"எல்சே, உன் காலைப் பிடிச்சுக் கேக்குறேன். அந்த முங்குன விஷயம் அம்மா காதுக்குப் போகக் கூடாது."

"நான் ஏன்டீ சொல்லப்போறேன்? என் வாயில இருந்து ஒரு வார்த்தை வராது." எல்சே நெஞ்சில் கைவைத்தாள். பிறகு அடுப்பை ஒரு கிண்டு கிண்டிவிட்டு, "ஆனா பேரு வெச்சுட்டாங்க, தெரியுமா?" என்றாள்.

"யாருக்கு?"

"உங்கம்மாவுக்குத்தான். செத்த போடில். நேத்து சாயங்காலமே வெச்சுட்டாங்க. நான் வெக்கல, சத்தியமா. நான் சிரிச்சேன், அவ்ளோதான்."

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? சிசெல் அந்த இடத்திலேயே உட்கார்ந்து இரண்டு காப்பி குடித்தாள்.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரு இடத்தில் கால் தரிக்கவில்லை. அம்மா எழுந்தால் எழுந்தாள், அம்மா வாசலுக்குப் போனால் வாசலுக்குப் போனாள். போடிலோ வீட்டுக்குள் அடைந்து கிடக்கிற ஆள் இல்லை. வந்த வாரத்திலேயே தெருவை அளந்துவிட்டாள். இங்கே கடல் இல்லை என்பது அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. "எந்தப் பக்கம் பார்த்தாலும் மலை. நல்ல ஊருடீ. தண்ணி வந்து கதவைத் தட்டாது" என்றாள். வாசலில் ஓடுகிற பாசன வாய்க்காலை மட்டும் அவளுக்கு ஆகாது. முழங்கால்கூட நனையாத அந்த வாய்க்காலைக் கடக்க, பலகை போட்ட இடம்வரை சுற்றிக்கொண்டு போவாள்.

பலகை எல்சேயின் வாசலில் இருந்தது. அதுதான் வினை. போகும்போதும் வரும்போதும் எல்சே கூப்பிடுவாள், காப்பி ஊற்றுவாள். சிசெல் ஈரக் கையோடு, மாவுக் கையோடு, ஒருமுறை பாதி உரித்த கோழியோடு அங்கே ஓடுவாள்.

"என்னடீ இவ, ஆட்டுக்குட்டி மாதிரி பின்னாலயே வரா?" என்று போடில் எல்லார் முன்னாலும் கேட்டாள். "இருபது வருஷம் என்னைப் பார்க்காம நல்லாத்தான இருந்த? இப்ப ஒரு மணி நேரம் முடியலையா?"

பெண்கள் சிரித்தார்கள். சிசெலும் சிரித்தாள். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். அவளுக்கு வழி, வீடு, அடுப்படி, படுக்கை எல்லா இடத்திலும் பயம். ராத்திரி தூக்கத்தில் புரண்டு புரண்டு யெப்பேயின் போர்வையையும் இழுத்துக்கொண்டாள். அந்தப் பெட்டி வேறு, அடுப்படி மூலையில் கயிற்றோடு உட்கார்ந்து அவளையே பார்த்தது. உள்ளே இருக்கிற கருவாடு நாளுக்கு நாள் அதிகமாக வாசம் வீசியது. ஆனால் போடில் அதைத் திறக்கவில்லை. உடுத்த இரண்டு உடுப்பு கையோடு ஒரு மூட்டையில் இருந்தது. அதையே துவைத்துத் துவைத்துப் போட்டுக்கொண்டாள்.

இதற்கு நடுவில் நல்ல நாட்களும் இருந்தன என்பதுதான் கொடுமை. ஒரு நாள் சிசெல் கருப்பு ரொட்டி சுட்டாள். போடில் ஒரு துண்டைப் பிட்டு முகர்ந்து, கடித்து, "மாவு புளிச்சது பத்தல" என்று சொல்லிவிட்டு நாலு துண்டு சாப்பிட்டாள். மற்றொரு நாள் மகளின் தலையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பி, "நரைச்சுப் போச்சேடீ" என்றாள். கையை உடனே எடுக்கவில்லை. சிசெலுக்கு அழுகை வந்தது. சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. மூலையில் இருந்த பெட்டியைப் பார்த்தாள், வாயை மூடிக்கொண்டாள். இந்தக் கை மறுபடி தன் தலைமேல் வர இன்னொரு இருபது வருஷம் ஆகும் என்றால் அவளால் தாங்க முடியாது.

உருளைக்கிழங்கு தோண்டி முடித்த ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து எல்லாரும் எல்சேயின் வீட்டில் கூடினார்கள். டமாரம் யென்சனும் வந்திருந்தார். அவருக்குக் காது கேட்காது. அதனால் உலகத்தில் யாருக்கும் கேட்காது என்று நினைத்துப் பேசுவார். அவரைப் பார்த்ததும் சிசெல் அம்மாவின் கையைப் பிடித்து, "போலாம்மா, மாட்டுக்குத் தண்ணி காட்டணும்" என்றாள்.

"ஒரு வாய் காப்பி குடிச்சுட்டு வரேன். மாடு ஓடிடாது."

டமாரம் யென்சன் போடிலை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பிறகு எல்சேயிடம் ரகசியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு, கூரை அதிரச் சொன்னார்: "இதுதான் செத்த போடிலா? மக தண்ணியில முக்கிச் சொர்க்கத்துக்கு அனுப்பி வெச்சாளே, அந்த அம்மாவா? என்ன தெம்பா இருக்கா பாரு! போன வழியிலயே திரும்பி வந்துட்டா போல!"

எல்சே அடுப்பைப் பார்த்தாள். போடில் கோப்பையில் மிச்சமிருந்த காப்பியை நிதானமாகக் குடித்து முடித்தாள்.

"காப்பி நல்லா இருக்கு எல்சே," என்று எழுந்தாள்.

வீட்டுக்குப் போகிற வழியில் போடில் முன்னால் நடந்தாள். பலகையைத் தாண்டும்போது மட்டும் சிசெலின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள், தாண்டியதும் விட்டுவிட்டாள். அந்தப் பிடியை வைத்து ஒன்றும் புரிந்துகொள்ள முடியவில்லை.

அடுப்படிக்கு வந்து, தொப்பியைக் கழற்றாமல் கேட்டாள். "யாருடீ முங்குனது?"

சிசெலிடம் ஒரு பொய் தயாராக இருந்தது. இத்தனை வாரமாகத் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றி வைத்த பொய். அது வேறு போடில், இந்தப் பள்ளத்தாக்கில் போடில்களுக்கா பஞ்சம், அந்தக் கிழவருக்கு ஆளும் தெரியாது பேரும் தெரியாது. நாக்கு நுனிவரை வந்தது. எதிரே தன் மூக்கையே வைத்துக்கொண்டு நிற்கிற முகத்தைப் பார்த்தாள். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன?

"நான்தாம்மா. உன் பேரால. நீ செத்துட்டேன்னு நெனைச்சு."

"என்னைக் கேட்டியா?"

"செத்தவங்களை எப்படிம்மா கேக்குறது?"

"செத்தேனான்னு கேட்டியா?"

சிசெல் தலையை ஆட்டினாள். இல்லை.

போடில் மேசையைப் பிடித்துக்கொண்டாள். வேறு ஏதோ தோன்றியது போல அவள் முகம் மாறியது. "என்னை மட்டுமா? உங்கப்பா?"

வாசலில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற யெப்பேதான் சொன்னான். "ஆம்பளைக்கு ஆம்பளைதான் முங்கணும் அத்தை. நான்தான் மாமாவுக்கு முங்குனேன்."

"கடல் முழுங்குன மனுஷன்டா!" போடில் கத்தினாள். இத்தனை வருஷத்தில் அவள் கத்தி சிசெல் கேட்டது அதுதான் முதல் தடவை. "மூச்சு முட்டிச் செத்த மனுஷன். அவரைப் புடிச்சு மறுபடி தண்ணிக்குள்ள தள்ளுனீங்களா? உங்களுக்கு நெஞ்சுன்னு ஒண்ணு இருக்கா?"

சிசெலுக்குச் சுரீரென்றது. அப்பாவை எண்ணி எத்தனையோ தடவை ஜெபம் பண்ணியிருக்கிறாள். இப்படி ஒரு பக்கம் இருக்கிறது என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. அவளுக்கு அந்தத் தண்ணீர் எப்போதுமே வேறு தண்ணீர்.

யெப்பே மெதுவாக உள்ளே வந்தான். "வெதுவெதுன்னு இருந்துச்சு அத்தை," என்றான்.

"என்ன?"

"அந்தத் தண்ணி. சுட வெச்சுத்தான் விடுறாங்க. இடுப்பளவுதான் இருக்கும். ஒருத்தர் நம்ம கையை இறுக்கிப் புடிச்சுக்குவாரு. பேரைச் சொல்லுவாரு. கிறெஸ்டன்னு சொல்லித்தான் என்னை முக்குனாரு. முங்குன உடனே தூக்கிட்டாரு." அவன் தொப்பியைச் சுருட்டினான். "விடல அத்தை. அதான் சொல்ல வந்தேன். உடனே தூக்கிட்டாரு."

போடில் அவனையே பார்த்தாள். "தூக்கிட்டாங்களா?" என்றாள்.

"தூக்கிட்டாங்க அத்தை."

அவள் நீலப் பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். நவம்பர் கடலில் யாரும் பிடிக்காமல் போன கையை நினைத்தாளோ என்னவோ, தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் மூக்கோரமாக இறங்கிச் சொட்டியது; துடைத்துக்கொள்ளவில்லை.

அம்மா அழுவதைப் பார்த்ததும் சிசெலுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஒரே ஒரு வரி போட்டிருந்தா இதெல்லாம் நடந்திருக்குமா? வருஷம் தவறாம எழுதினேன். பசங்க பொறந்ததை எழுதினேன். காய்ச்சல்ல சாகக் கிடந்ததை எழுதினேன். ஒரு வரி! அவ்ளோ வெறுப்பா உனக்கு?"

"எல்லாம் வந்துச்சு."

"அப்புறம் ஏன்மா?"

"செத்தவளுக்கு எப்படிடீ பதில் போடறது?"

சிசெலுக்குப் புரியவில்லை. போடில் மூக்கைக் கைக்குட்டையில் சிந்தினாள்.

"நீ கப்பலேறுனப்புறம் ஊரே கேட்டுச்சு, சிசெல் எங்கன்னு. மார்மன்காரங்களோட ஓடிட்டான்னு சொல்ல வாய் வரல. கடல்ல போயிட்டான்னு சொன்னேன். வேலைக்குக் கப்பல்ல போறப்ப காய்ச்சல் வந்து கடல்ல போட்டுட்டாங்கன்னு. நம்ம ஊர்ல அதை யாரு நம்பமாட்டா? வீட்டுக்கு ஒருத்தன் கடல்லதான இருக்கான். பாதிரி மண்ணு போட்டாரு, மூணு தடவை. மணி அடிச்சாங்க. உங்கப்பா சிலுவைக்குப் பக்கத்துல உனக்கு ஒரு சிலுவை வெச்சேன். வெள்ளைப் பெயிண்ட் அடிச்சது. கிறிஸ்துமஸுக்கு உன் கடுதாசி வந்துச்சு. நான் என்ன பண்ணுவேன்? பொணத்துக்குக் கடுதாசி எழுதுறேன்னு தபால்காரன்கிட்ட கொடுக்கவா?"

யெப்பே மெல்ல முக்காலியில் உட்கார்ந்தான்.

"உயிரோட இருக்குற என்னையா பொதைச்ச?" என்றாள் சிசெல்.

"நீ மட்டும் என்ன?"

போடிலே தொடர்ந்தாள். "சனிக்கிழமை சனிக்கிழமை போய் அந்த மண்ணைச் சீவிவிடணும், பூ வெக்கணும். இல்லேன்னா ஊரு பேசும். உங்கப்பாவுக்கு வெச்சேன், சரி. உனக்கும் வெச்சேன். உள்ள ஒண்ணுமில்லைன்னு எனக்கு மட்டும்தான் தெரியும். உன் கடுதாசி பையில இருக்கும், நான் உன் சமாதியில களை புடுங்கிட்டு இருப்பேன். அண்ணி என்னோட வந்து இருந்தா, அவளும் செத்தா. அவ பெட்டியைத்தான் எவனோ பார்த்துட்டு உங்ககிட்ட வந்து உளறியிருக்கான். அப்புறம் அண்ணன் பொண்ணு வீட்டுக்குப் போயிட்டேன், ரெண்டு ஊரு தள்ளி. அங்க இருந்து நடந்து வந்து ரெண்டு குழியையும் பார்க்கணும். போன வருஷம் முட்டி போயிருச்சு. ஒரு நாள் குனிஞ்சேன், எந்திரிக்க முடியல. அந்த மண்ணு மேலயே உக்காந்துட்டு யோசிச்சேன். வெறும் குழிக்கு இவ்ளோ தூரம் நடக்குறதுக்கு, நேராவே போய்ப் பார்த்துடலாமேன்னு தோணிச்சு. மாட்டை வித்தேன். வந்துட்டேன்."

"கடல் தாண்டியா?"

"கண்ணைத் தொறக்கவே இல்லைடீ. கப்பல்ல இருந்த பசங்க நான் செத்துட்டேன்னே நெனைச்சாங்க." சொல்லிவிட்டு அவளே கொஞ்சம் சிரித்தாள். சிரிப்பு சட்டென்று நின்றது. "ஆனா ஒண்ணு. என் சாமி வேற, உன் சாமி வேற. நான் நம்ம ஊர்க் கோயில்ல தண்ணி தெளிச்சு ஞானஸ்நானம் வாங்கினவ, அப்படியேதான் போவேன். நான் நிஜமா சாகுறப்ப என்னைத் திரும்ப முக்கமாட்டேன்னு சொல்லு. இப்பவே சொல்லு. சொன்னா இங்க இருக்கேன். இல்லேன்னா யெப்பே நாளைக்கு வண்டி பூட்டட்டும், நான் அயோவா போறேன்."

ஒரு சொல்தான். மாட்டேன் என்று சொன்னால் போதும். அம்மா இருப்பாள், குளிர்காலம் முழுக்க ரொட்டிக்குக் குறை சொல்வாள், தலையைப் பிடித்து நரை பார்ப்பாள். செத்த பிறகு எழுந்து வந்து சரிபார்க்கவா போகிறாள்? யெப்பே கண்ணாலேயே கெஞ்சினான்: சொல்லித்தொலை.

சொர்க்கத்தின் வாசலில் உள்ளே இவர்கள் எல்லாரும் இருக்க, வெளியே அம்மா கருப்புத் தொப்பியோடு தனியாக நிற்பது அவள் கண்முன் வந்தது. அவள் அதை நம்பினாள். விளையாட்டுக்கு நம்பவில்லை, நிஜமாக நம்பினாள். அந்த நம்பிக்கைக்காகத்தான் இதே அம்மாவை விட்டுவிட்டு வந்தாள். இத்தனை நாள் பொய்யோடு அலைந்தாயிற்று. அம்மாவைத் தக்கவைத்துக்கொள்ள இன்னொரு பொய் என்றால், சாகும்வரை இதே அலைச்சல்தான்.

"முடியாதும்மா," என்றாள். "முங்குவேன். நீ திட்டுனாலும் முங்குவேன். அயோவாவுல செத்தாலும் முங்குவேன். நான் உள்ள இருந்துக்கிட்டு உன்னை வெளிய நிக்க வெக்க என்னால முடியாது."

போடில் மகளை நிமிர்ந்து பார்த்தாள். சிசெல் பார்வையைத் தாழ்த்தவில்லை. பல வாரங்களுக்குப் பிறகு கால் தரையில் ஊன்றி நின்றது.

"புடிவாதம் புடிச்ச கழுதை," என்றாள் போடில். "யாரு வயித்துல பொறந்துச்சோ."

அவள் பெட்டியை விட்டு எழுந்து, குனிந்து, கயிற்று முடிச்சை நகத்தால் நெம்பிப் பார்த்தாள். கடல் ஈரம் பட்டு இறுகிப்போன முடிச்சு, அசையவில்லை.

"யெப்பே, கத்தி இருக்கா?"

யெப்பே நாளைக்கு என்று சொல்லவில்லை. முக்காலி பின்னால் உருள எழுந்து ஓடி, ரொட்டிக் கத்தியை எடுத்துக்கொண்டு வந்து கயிற்றை அறுத்தான்.

"இவ இப்படிச் சொன்னதுக்கப்புறம் எனக்கு வேற வழியில்ல," என்று போடில் பெட்டியின் மூடியைத் தூக்கினாள். "நான் சாகுறதா இல்லடீ. இங்கேயே உக்காந்து உனக்குக் காவல் இருக்கப்போறேன். இந்தா, இந்தக் கருவாட்டைச் சுடு. காப்பியும் போடு."